எந்த நிழலைக் கேட்கிறீர்கள்?
வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதி சொல்லைப் பற்றியவை. மற்றப் பாதி வேலி, தோட்டம், கூரை, முற்றம் பற்றியவை. எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது நிழல் என்ற ஒரே சொல்தான் என்பதால் அவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகவே தந்திருக்கிறோம்.

மரத்தடியில் இருக்கும் குளிர்ந்த இடமும் நிழல், சுவரில் விழும் கரிய உருவும் நிழல். ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரண்டு சொற்கள் உண்டு. தமிழில் ஒன்றுதான் என்பது குறையா? – ஆசிரியை, நல்லூர்

குறையில்லை. ஆனால் வகுப்பில் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும்போது எந்த நிழல் என்று பிரித்துக் காட்டத்தான் வேண்டும். திருக்குறளே இரண்டையும் தனித்தனியாகக் காட்டுகிறது. 'தீயவை செய்தார் கெடுதல் நிழல்தன்னை வீயாது அடிஉறைந் தற்று' (208) என்பதில் இருப்பது உருவின் நிழல். நிழல் எவ்வளவு நீண்டு போனாலும் ஆளை விடாமல் வந்து அடியில் தங்குவதைப் போல என்று பரிமேலழகர் விரிக்கிறார். 'மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும்' (742) என்பதில் இருப்பது குளிர்ச்சி தரும் நிழல்.

பிள்ளைகளுக்கு ஒரு எளிய சோதனை சொல்லிக் கொடுங்கள். அந்த நிழலுக்குள் போய் இருக்கலாம் என்றால் அது இடம். அதன் வடிவத்தைக் கரிக்கட்டியால் சுற்றிக் கீறலாம் என்றால் அது உரு. வேம்பின் கீழ் இரண்டும் ஒன்றாகவே கிடக்கும். தமிழ் அந்த இரண்டையும் ஒரு சொல்லில் வைத்ததற்கு அந்த ஒற்றைக் காட்சி போதும்.

பழந்தமிழில் இச்சொல்லின் பரப்பு இன்னும் பெரியது. நீரிலும் கண்ணாடியிலும் தெரியும் உரு, ஒளி, அருள், பாதுகாப்பு எல்லாமே நிழல்தான். ஒளியையும் நிழல் என்றார்களா என்று பிள்ளைகள் வியப்பார்கள். மணியின் பளபளப்பை நினைக்கச் சொல்லுங்கள். அருள் என்ற பொருளுக்கு வேறு எங்கும் தேட வேண்டாம். அப்பர் தேவாரத்தின் 'ஈசன் எந்தை இணையடி நீழலே' என்ற அடி நம்முடைய பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பிலேயே பாடம். வீணை, மாலை மதியம், தென்றல், இளவேனில், பொய்கை என்று அப்பர் அடுக்கியவை எல்லாம் உடலுக்குச் சுகம் தருபவை. வெயில் நாட்டவரின் கடவுள் அனுபவம் அது.

சித்திரை வருடப் பிறப்பையொட்டி மத்தியானத்தில் நிழல் இல்லாமல் போகும் என்கிறார்கள். உண்மையா? வீட்டில் எப்படிப் பார்ப்பது? – க.பொ.த. சாதாரண தர மாணவன், கோண்டாவில்

உண்மை. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சூரியன் வடக்கே நகர்ந்து வரும்போது ஏப்ரல் 5 வாக்கில் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு நேர் மேலே நிற்கும். ஏப்ரல் 14, 15 அளவில் யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் மேலே வந்துவிடும். திரும்பித் தெற்கே போகும் வழியில் ஓகஸ்ட் 28 வாக்கில் மறுபடியும் எங்கள் தலைக்கு மேல் நிற்கும். ஆக, வருடத்தில் இரண்டு முறை.

நேரம் 12 மணி அல்ல, 12.10. இலங்கை நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுகிறது. நாங்கள் இருப்பது 80 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றபடி சூரியன் எங்களிடம் பத்து நிமிடம் பிந்தி உச்சிக்கு வரும்.

ஒரு மீற்றர் நீளமான நேரான பி.வி.சி. குழாயை எடுங்கள். சமதளமான சீமெந்துத் தரையில் நிறுத்துங்கள். கொத்தனாரின் தூக்குக் குண்டால் இரண்டு பக்கமும் பார்த்து நிமிர்த்துங்கள். 11.50இலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சோக்கால் புள்ளி வையுங்கள். புள்ளிகள் மேற்கிலிருந்து கிழக்காக அடியை நோக்கி வந்து, அடியைத் தாண்டி மறுபக்கம் போகும்.

பலர் பிழை விடும் இடம் குழாயின் சரிவு. ஒரு பாகை சரிந்தாலே 1.7 சென்ரிமீற்றர் நிழல் தெரியும், பார்த்தவர் "இன்றைக்கு இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார். நான்கு நிமிடம் பிந்தினாலும் அதே 1.7 சென்ரிமீற்றர்தான். அன்று முகில் மூடினால் கவலைப்பட வேண்டாம். ஒரு நாளுக்கு உச்சி நிழல் மாறுவது 6 மில்லிமீற்றர் அளவே. இரண்டு நாள் முந்தியோ பிந்தியோ பார்த்தாலும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் நிழல் இராது.

அதோடு விட்டுவிடாமல் அந்தக் குழாயை வருடம் முழுவதும் வைத்திருங்கள். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை உச்சி நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஜூன் 21இல் தெற்கே 25 சென்ரிமீற்றர். டிசெம்பர் 22இல் வடக்கே 65 சென்ரிமீற்றர். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் தோட்டக்காரருக்கும் சோலர் வைத்தவருக்கும் விடை அவற்றில்தான் இருக்கிறது.

தோட்டத்தின் தெற்கு வேலியோரம் மார்கழியில் வெங்காயம் நோஞ்சானாக நிற்கிறது. வடக்கு வேலியிலும் அதே பூவரசும் கிளுவையும்தான், அங்கே ஒரு குறையும் இல்லை. ஏன்? – புத்தூர்

டிசெம்பரில் நிழல் வடக்கே விழுகிறது. தெற்கு வேலியின் நிழல் உங்கள் தோட்டத்துக்குள் விழும், வடக்கு வேலியின் நிழல் பக்கத்துக் காணிக்குள் போய்விடும். அவ்வளவுதான்.

அளந்து பார்ப்போம். வேலி 4 மீற்றர் உயரம், கிழக்கு மேற்காக இடைவெளி இல்லாமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிசெம்பர் கடைசியில் உச்சி நேர நிழல் 4 × 0.65, அதாவது 2.6 மீற்றர். காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் அது வடக்கே ஏறத்தாழ 3.5 மீற்றர் வரை உள்ளே வரும். ஆகவே வேலியிலிருந்து 2.6 மீற்றருக்குள் இருக்கும் பயிருக்கு அந்த நாட்களில் நேர் வெயில் விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை கிடைக்கவே கிடைக்காது. வெங்காயத்துக்கு இது தாங்காது. தாள் மெலிந்து நீண்டு சரியும், கிழங்கு திரளாது. பனி வெயிலில் காயாமல் தாளிலேயே நிற்பதால் தாளில் ஊதாப் புள்ளி விழும் நோயும் அந்தப் பக்கத்திலேயே முதலில் தொடங்கும்.

வேலியை 1.5 மீற்றருக்குக் குறைத்தால் வெயில் படாத பட்டை 1 மீற்றராகச் சுருங்கிவிடும். இதை நடுகைக்கு முன்னால், ஐப்பசி தொடக்கத்தில் செய்யுங்கள். வெட்டிய குழையை வெளியே எறிய வேண்டாம். பூவரசங் குழையும் வாதநாராயணிக் குழையும் பசளையாக மண்ணில் தாழ்க்க மிகவும் நல்லவை. எங்கள் தோட்டங்களில் குழை வெட்டும் வழக்கம் பசளைக்காக மட்டும் ஏற்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். வெயிலும் அதே வெட்டில்தான் கிடைத்தது. குழை தாழ்ப்பதை விட்டுப் பசளை மூடையை நம்பத் தொடங்கிய பிறகு வேலிகள் வளர்ந்து தோட்டத்தை மூடியதை நிறைய இடங்களில் காணலாம்.

நிழலை மட்டும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். பூவரசின் வேரும் வேலியிலிருந்து 2 மீற்றருக்குள் நீரையும் உரத்தையும் இழுக்கும். வேலியிலிருந்து அரை மீற்றர் தள்ளி, 50 முதல் 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி வேரை அறுத்துவிடுங்கள். அடுத்த போகத்தில் வேலியை வெட்டியும் பயிர் தேறவில்லை என்றால் காரணம் வேர்தான்.

வெட்டவே முடியாத மரமென்றால் அந்தப் பட்டையை வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கொடுக்காதீர்கள். மிளகாய் நிழலில் கணு நீண்டு வளரும், பூக் கொட்டும். இஞ்சி, மஞ்சள், வல்லாரை நடுங்கள். ஜூனில் வடக்கு வேலியும் கொஞ்சம் நிழல் தரும், ஆனால் 4 மீற்றர் வேலிக்கு உச்சியில் 1 மீற்றர்தான். அந்த வெயிலில் அது பயிருக்குக் கெடுதியும் இல்லை.

புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம். எது சரி? – சாவகச்சேரி

மூன்றும் வழக்கில் உள்ளவை, மூன்றும் விளங்கும். புகைக்கும் படத்துக்கும் தொடர்பில்லை. படம் ஒளியால் பதிகிறது என்பதால் ஒளிப்படம் பொருத்தமானது. நிழற்படம் என்பதிலும் தவறில்லை, கண்ணாடியில் தெரியும் உருவையும் முன்னோர் நிழல் என்றே சொன்னார்கள் என்று மேலே பார்த்தோம். போட்டோப் பிரதியை நிழற்பிரதி என்று எழுதுவதும் அதே வழியில் வந்தது.

பனை எவ்வளவு உயர்ந்தாலும் ஒருவருக்கு இருக்க நிழல் தராது என்று வெற்றிவேற்கையில் படித்தோம். பனையை நம்பி வாழும் எங்களுக்கு இது மனவருத்தமாக இருக்கிறது. – பருத்தித்துறை

அதிவீரராம பாண்டியரின் பாட்டு அது. 'தேம்படு பனையின் திரள்பழத்து ஒருவிதை வானுற ஓங்கி வளம்பெற வளரினும் ஒருவர்க்கு இருக்க நிழல் ஆகாதே' என்கிறது. அடுத்து, மீன் முட்டையிலும் சிறிய ஆல விதை யானை, தேர், குதிரைப் படையோடு மன்னனுக்கே நிழலாகும் என்கிறது. உருவத்தில் பெரியவர் எல்லாம் பெரியவர் அல்லர் என்பதுதான் கருத்து. பனை உவமைக்கு வந்தது, பழிக்கு வரவில்லை.

ஆனால் உவமை கணக்கில் பிழையில்லை. வளர்ந்த பனையில் 30 முதல் 40 ஓலைகள்தான் ஒரு நேரத்தில் இருக்கும். அது 15 மீற்றர் உயரத்தில் என்றால் அந்தத் தலையின் நிழல் உச்சி வேளையில் மணிக்கு 4 மீற்றர் வேகத்தில் நகரும். பனைக்குக் கீழே பாய் விரித்தவர் அரை மணிக்கு ஒரு தடவை பாயை இழுக்க வேண்டும். நிழலின் ஓரமும் கூராக இராது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான வட்டம். அதனால் நிழல் ஓரம் உயரத்தில் ஏறத்தாழ 108இல் ஒரு பங்கு அகலத்துக்கு மங்கும். 15 மீற்றருக்கு அது 14 சென்ரிமீற்றர். ஓலை விரல்களின் இடுக்குகள் எல்லாம் அந்த மங்கலில் கலந்துபோகும்.

பனையின் நிழலை மரத்தடியில் தேடுவது சரியில்லை என்பது எங்கள் எண்ணம். பனையின் நிழல் கூரையில் இருக்கிறது. ஓலை வேய்ந்த வீட்டுக்குள் சித்திரை வெயிலில் போய் இருந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. ஆல் நிற்கும் இடத்தில்தான் நிழல் தரும். பனை வெட்டிக்கொண்டுபோன இடத்திலெல்லாம் தரும். பாண்டியர் இதைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தவர் சேர்த்துப் படிக்கலாம்.

கூரையில் சோலர் வைத்தோம். மேற்கே ஒரு பனையின் நிழல் ஒரு தகட்டில் கோடு போல விழுகிறது. ஒரு கோட்டுக்கு இவ்வளவு மின்சாரம் குறையுமா? – வட்டுக்கோட்டை

குறையும். இங்கே நிழல் கெடுப்பது இடமாக அல்ல, உரு என்ற வகையில்தான். எவ்வளவு பரப்பு என்பதைவிட எங்கே விழுகிறது என்பதே முக்கியம்.

60 கலங்கள் (வெயிலை மின்சாரமாக்கும் சிறு துண்டுகள்) உள்ள ஒரு தகட்டில் கலங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்திருக்கும். ஒன்று இருண்டால் அது மற்றவற்றின் மின்னோட்டத்தையும் மறிக்கும், தானும் சூடேறும். அதைத் தடுக்கத் தகட்டின் பின்பெட்டியில் மூன்று இருவாயிகள் (டயோட்) வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் 20 கலங்களைக் காக்கும். ஒரு கலம் முழுக்க மறைந்தால் அந்த 20 கலங்களையும் விட்டுவிட்டு மின்சாரம் சுற்றிப் போகும். ஒரு கலத்துக்காகத் தகட்டில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. பனை மரத்தின் உடல் 40 சென்ரிமீற்றர் அகலம் என்றால் மங்கல் போகவும் நடுவில் நல்ல இருட்டுக் கோடு மிஞ்சும். அது மூன்று பகுதியையும் குறுக்கே வெட்டினால் அந்தத் தகடு முழுவதும் போய்விடும். மெல்லிய கம்பி, வயர் நிழல்களுக்குப் பயப்பட வேண்டாம். 1 சென்ரிமீற்றர் வயர் 3 மீற்றர் உயரத்தில் போனால் கருநிழலே தரையைத் தொடாது, வெறும் மங்கல்தான்.

பலர் தவறவிடுவது வடக்குத் திசை. தகட்டைத் தெற்கே 10 பாகை சரித்து வைத்துவிட்டுத் தெற்கே மரம் இல்லை என்று நிம்மதியாக இருப்பார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நான்கரை மாதம் சூரியன் வடக்கே நிற்கிறது. கூரைக்கு மேலே 11 மீற்றர் உயர்ந்து நிற்கும் பனை வடக்கில் இருந்தால் ஜூன் உச்சியில் 2.7 மீற்றர் தெற்கே நிழல் போடும். தெற்கில் இருந்தால் டிசெம்பர் உச்சியில் 7 மீற்றருக்கு மேல் வடக்கே போடும். காலை மாலைகளில் இன்னும் நீளம். புதிதாக வைப்பவர்கள் கிழக்கு மேற்குக்கு அடுத்தபடியாக இந்த இரண்டு தூரங்களையும் அளந்துவிட்டுத் தகட்டுக்கு இடம் குறிக்க வேண்டும்.

உங்களுக்குச் செய்யக்கூடியவை: நிழல் படும் தகட்டைக் கூரையின் மறு பக்கத்துக்கு மாற்றலாம். முடியாவிட்டால் அந்த ஒரு தகட்டுக்குத் தனிச் சிறு இன்வேர்ட்டர் போடலாம், அப்போது அதன் குறை மற்றத் தகடுகளை இழுக்காது. பனையைத் தறிப்பதைக் கடைசியாக யோசியுங்கள். பறவை எச்சத்தையும் பாருங்கள், அது நகராத நிழல். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றாமல் விடியற்காலையில் கழுவுங்கள்.

'காட்டுத் துரும்பெடுத்துக் கண்டம் பதினாறாக்கி நீட்டிக் கிடந்தது போக நின்றது நாழிகை' என்று வயதானவர்கள் சொல்வார்கள். செய்து பார்த்தால் நேரம் பிழைக்கிறது. – கரவெட்டி

எந்த மாதம் செய்தீர்கள் என்பதில்தான் விடை. முதலில் முறை. ஒரு ஈர்க்கை எடுத்துப் பதினாறு சம கண்டமாக (துண்டாக) அடையாளம் இடுங்கள். ஒரு பகுதி தரையில் கிடக்க, மறு பகுதி நிமிர்ந்து நிற்க மடியுங்கள். நிற்கும் துண்டு சூரியன் இருக்கும் பக்கம். அதன் நிழல் கிடக்கும் துண்டின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்துங்கள். நிற்கும் துண்டில் எத்தனை கண்டமோ, விடிந்து அத்தனை நாழிகை. பின்னேரம் என்றால் பொழுதுபட அத்தனை நாழிகை இருக்கிறது. ஒரு நாழிகை 24 நிமிடம்.

சித்திரையில் காலை 9.10க்குப் பாருங்கள். எட்டுக் கண்டம் நிற்கும், எட்டுக் கிடக்கும். விடிந்து மூன்று மணி பத்து நிமிடம், கிட்டத்தட்ட எட்டு நாழிகை. அருமையாக ஒத்துவரும். அதிகாலையில் கால் மணி அளவு கூட்டிக் காட்டும். ஆனால் மார்கழியில் சூரியன் உச்சியிலும் 57 பாகைக்கு மேல் ஏறாது. மத்தியானம் 14 நாழிகை தாண்டிய பிறகும் துரும்பு பத்துக்கும் குறைவாகவே சொல்லும். முறை பிழையல்ல. சூரியன் தலைக்கு மேலாகப் போகும் சித்திரைக்கும் ஆவணிக்கும் உரிய முறை அது. தரை சமமில்லாவிட்டாலும், ஈர்க்கு வளைந்திருந்தாலும் எந்த மாதமும் பிழைக்கும்.

மருந்துக் குறிப்புகளில் 'நிழலில் உலர்த்துக' என்று வருகிறது. அறைக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. – மானிப்பாய்

நிழல் என்றால் இருட்டு அல்ல. வெயில் நேராகப் படாத, காற்று ஓடும் இடம். பூட்டிய அறையில் காற்று இல்லை. அதனால்தான் பூஞ்சணம்.

இலையின் பச்சை நிறமும் மணமும் கரோட்டின் சத்தும் நேர் வெயிலில் கெடும். அதற்காகத்தான் நிழல் சொல்லப்பட்டது. முருங்கையிலை, தூதுவளை, வல்லாரை எதுவானாலும் பனி காய்ந்த பிறகு பறித்து, கழுவி, நீரை முழுக்க வடிய விடுங்கள். வலை மீது மெல்லிய துணி விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். நிலத்தில் வைக்காமல் கயிற்றுக் கட்டில் போல உயரத்தில் வைத்தால் அடியிலும் காற்று போகும். விறாந்தையின் வடக்குப் பக்கம் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வெயில் படாது. வைகாசிக்குப் பிறகு அங்கே வெயில் வரும், தெற்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பிரட்டுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் இலை கையில் நொறுங்கும், காம்பு 'டக்' என்று ஒடியும். காம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, போத்தலில் அடைக்கக் கூடாது. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்கள் மிக நல்லவை, தூசுக்கு மட்டும் மேலே ஒரு துணி. கார்த்திகை மார்கழி மழையில் இந்த வேலையே வேண்டாம்.

ஒடியலையும் (காயவைத்த பனங்கிழங்கு) மோர்மிளகாயையும் வத்தலையும் நிழலில் வைத்துவிடாதீர்கள். தடித்த, ஈரம் நிறைந்த பொருள்களுக்குச் சுள்ளென்ற வெயில்தான் வேண்டும்.

நிழல் அமைச்சரவை, நிழல் யுத்தம், நிழலுலகம். இவை நல்ல தமிழா? – பத்திரிகை பயிலுநர், யாழ்ப்பாணம் நகர்

மூன்றும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை, ஆனால் மூன்றும் ஒரே தரமல்ல. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிரே ஒருவரை அமர்த்தும். அவர் அந்த அமைச்சரை அடி விடாமல் தொடர்வார். இது குறள் சொன்ன 'அடி உறையும்' நிழல்தான். நிழல் அமைச்சரவை தமிழில் இயல்பாக உட்காருகிறது.

நிழல் யுத்தம் அப்படியல்ல. ஒரு நாடு தனக்குப் பதிலாக இன்னொருவரைப் போரிட வைப்பதைச் சொல்ல வருகிறார்கள். பதிலிப் போர் என்றால் செய்தி நேராக விளங்கும். நிழலுலகம் என்பதில் நிழலை ஒளிவுக்கும் குற்றத்துக்கும் பெயராக்குகிறார்கள். எங்கள் பத்திரிகைகளில் ஏற்கெனவே பாதாள உலகம் என்ற சொல் ஊறிப்போய் இருக்கிறது, அதையே எழுதுங்கள். தமிழில் நிழல் ஒதுங்கும் இடம், ஒளியும் இடம் அல்ல. குடை நிழல் என்றால் அரசனின் காவல். உழவரை 'அலகுடை நீழலவர்' (1034) என்று, நெற்கதிரையே அவர்களுக்கு நிழலாக்குகிறார் வள்ளுவர். அந்தச் சொல்லை இருட்டுக்குக் கொடுக்கும்முன் ஒரு தடவை யோசியுங்கள்.

தமிழ் நிழலைத் தீதாகவும் பேசியிருக்கிறதே என்று கேட்கலாம். 'நிழல்நீரும் இன்னாத இன்னா' (881) என்பது உட்பகை அதிகாரத்தில் வருகிறது. இனிமையான நிழலும் நீரும்கூட நோய் செய்தால் தீயவையே என்கிறார். நிழல் இயல்பில் இனியது என்பதை வைத்துத்தான் அந்தக் குறளே நிற்கிறது.

'அவன்ரை நிழல்கூட எங்கடை வாசலிலை படக்கூடாது' என்று சண்டையில் சொல்வது சாதாரணம்தானே? – வாசகர், பெயர் வேண்டாம்

சாதாரணமல்ல. நிழல் பட்டாலே தீட்டு என்று சாதியின் பெயரால் மனிதரைத் தள்ளிவைத்த காலத்தின் பேச்சு அது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. கோபத்தைச் சொல்ல வேறு சொற்கள் தாராளமாக இருக்கின்றன. இந்த வசனத்தை விட்டுவிடுங்கள், பிள்ளைகள் காதில் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இராகு, கேதுவைச் சாயாக் கிரகம் என்பது ஏன்? – இணுவில்

சாயை என்றால் நிழல். வானத்தில் காட்டக்கூடிய உருவம் அவற்றுக்கு இல்லை. சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சரிந்திருக்கிறது. இரண்டு பாதையும் வெட்டும் இரு புள்ளிகளே இராகுவும் கேதுவும். அமாவாசையோ பூரணையோ அந்தப் புள்ளிகளுக்கு அருகே வந்தால்தான் கிரகணம். மற்ற மாதங்களில் சந்திரனின் நிழல் பூமிக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும்.

2010 ஜனவரி 15இலும் 2019 டிசெம்பர் 26இலும் யாழ்ப்பாணத்தில் கங்கண கிரகணம் தெரிந்தது. அந்நாட்களில் சந்திரன் தொலைவில் இருந்ததால் அதன் கருநிழலின் கூர்முனை நிலத்தைத் தொடாமல் மேலேயே முடிந்துவிட்டது. அதனால்தான் சூரியன் வளையமாக நின்றது. வேம்பின் கீழே வழக்கமாகத் தெரியும் வட்ட வெளிச்சப் பொட்டுகளும் அன்று பிறையாகவும் வளையமாகவும் மாறின. அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் சூரியனின் உரு. இலை இடுக்கு 5 மீற்றர் மேலே இருந்தால் பொட்டு 5 சென்ரிமீற்றர் அளவு இருக்கும். அடுத்த கிரகணத்துக்கு எக்ஸ்ரே படத்தைத் தேடாதீர்கள், அது கண்ணைக் காக்காது. சூரியனுக்கு முதுகு காட்டி மரத்தடியைப் பாருங்கள்.

வீட்டு வாசலில் சங்கடப்படலை (கூரையும் திண்ணையும் உள்ள வாசல்) கட்ட விரும்புகிறோம். தெரு மேற்கே இருக்கிறது. பின்னேர வெயில் திண்ணையில் விழாமல் எவ்வளவு தாழ்வாரம் வேண்டும்? – உரும்பிராய்

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. வழிப்போக்கருக்கு வீட்டுக்கு வெளியே நிழல் விட்ட ஊர் இது. பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டிய தெருமூடி மடம் இன்றைக்கும் நிற்கிறது.

தாழ்வார விளிம்பு நிலத்திலிருந்து 1.8 மீற்றர், திண்ணை 45 சென்ரிமீற்றர் என்று வைத்தால் இடை உயரம் 1.35 மீற்றர். பின்னேரம் மூன்று மணியளவில் சூரியன் 45 பாகையில் நிற்கும். திண்ணையின் முன் விளிம்பைத் தாண்டி 1.35 மீற்றர் கூரை நீண்டால் போதும். நான்கு மணி தாண்டினால் சூரியன் 31 பாகைக்கு இறங்கிவிடும், அப்போது 2.25 மீற்றர் வேண்டும். அவ்வளவு நீட்டினால் கூரை தெருவுக்கு வந்துவிடும். 1.4 மீற்றரோடு நிறுத்தி, மிச்சத்துக்கு வாசலிலிருந்து மேற்கே, தெருவுக்கு அப்பால் காணி இருந்தால், ஒரு வேம்பு வையுங்கள். 6 மீற்றர் வளர்ந்த வேம்பு நான்கு மணிக்கு 10 மீற்றர் நிழலைக் கிழக்கே அனுப்பும். விளிம்பை உயர்த்தி அழகாகக் கட்டுகிறோம் என்று கொத்தனார் சொன்னால் இணங்காதீர்கள். 2.4 மீற்றருக்கு உயர்த்தினால் மூன்று மணிக்கே 2 மீற்றர் தாழ்வாரம் கேட்கும். பழைய படலைகளில் குனிந்து நுழைய வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர்ப் பானையை மேற்குத் தூணோரம் வைக்க வேண்டாம். மண்பானை கசிந்து ஆவியாவதால் குளிர்கிறது, வெயில் பட்டால் குளிர்வதைவிடச் சூடேறுவது கூட. 'நீரும் நிழலது இனிதே' (1309) என்றது அதைத்தான். உள்பக்கக் கிழக்கு மூலையில், காற்றுப் படும்படி, நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் வையுங்கள்.